கைதிக்கு நோய் வந்தால் கதவைத் திறப்பது யார்?

நள்ளிரவு நேரம்.

வீட்டில் தூங்கிக்கொண்டு இருந்தவர் திடீரென்று எழுந்து உட்காருகிறார். நெஞ்சு வலிக்கிறது. உடம்பெல்லாம் வியர்வை. மனைவி பதறிப்போய் விளக்கைப் போடுகிறாள். மகன் தெருமுனைக்கு ஓடி ஆட்டோ கொண்டுவருகிறான். எதிர் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே ஏறுகிறார். கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி வந்துவிடுகிறது.

அதே நள்ளிரவு. அதே நெஞ்சு வலி. ஆனால் வலி வந்தவர் படுத்திருப்பது ஜெயிலில்!

அங்கே மனைவி இல்லை. மகன் இல்லை. ஆட்டோ இல்லை. பக்கத்தில் படுத்திருப்பவர்கள் எழுந்து கம்பிக் கதவைத் தட்டவேண்டும். "வார்டர் ஐயா! வார்டர் ஐயா!" என்று கத்தவேண்டும். ரோந்து வரும் வார்டரின் காதில் அது விழவேண்டும். "நடிக்கிறான்" என்று அவர் நினைக்காமல் இருக்கவேண்டும். அவர் மேல் அதிகாரிக்குச் சொல்லவேண்டும். சாவி வரவேண்டும். ஜெயில் டாக்டர் இருந்தால் அவர் வந்து பார்க்கவேண்டும். "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்று அவர் எழுதிக் கொடுத்தாலும் வேலை முடியாது. வழிக்காவலுக்குப் போலீசார் வரவேண்டும். வண்டி வரவேண்டும். வாசலில் புத்தகத்தில் பதியவேண்டும்.

இத்தனைக்கும் நெஞ்சு காத்திருக்குமா?

"குற்றம் செய்தவன்தானே!"

இந்தப் பேச்சை எடுத்தாலே பலர் சொல்லுவது ஒன்றுதான். "குற்றம் செய்தவன்தானே, கஷ்டப்படட்டும்! யோக்கியமாக உழைக்கிறவனுக்கே ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கவில்லை. திருடனுக்கு வைத்தியம் ஒரு கேடா?"

இந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நகையைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வயிற்றெரிச்சல் லேசில் அடங்காது.

ஆனாலும் ஒன்றை யோசிக்கவேண்டும். தண்டனை விதிக்கும்போது நீதிபதி என்ன சொல்லுகிறார்? "மூன்று வருடம் ஜெயில்" என்கிறார். "ஆயிரம் ரூபாய் அபராதம்" என்கிறார். "இவனுக்குச் சர்க்கரை வியாதி வந்தால் மாத்திரை கொடுக்காதே" என்று எந்த நீதிபதியும் எழுதியது இல்லை. "காச நோய் வந்தால் இருமியே சாகட்டும்" என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

வெளியே இருக்கும் பரம ஏழைகூட தன் காலால் நடந்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகலாம். வரிசையில் நிற்கலாம். ஒரு டாக்டர் சரியில்லை என்றால் இன்னொரு டாக்டரிடம் போகலாம். கைதிக்கு அந்த வழி கிடையாது. அவன் காலைக் கட்டிப் போட்டிருப்பது அரசாங்கம். ஆகவே அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதும் அரசாங்கமே.

அது மட்டும் அல்ல. ஜெயிலில் இருப்பவர்கள் எல்லாரும் குற்றவாளிகளா?

இல்லவே இல்லை. 2022-ம் ஆண்டு முடிவில் இந்தியாவின் ஜெயில்களில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலு பேரில் மூன்று பேர்! அவர்கள் குற்றம் செய்தார்களா இல்லையா என்று கோர்ட்டு இன்னும் சொல்லவில்லை. ஜாமீன் உத்தரவு கிடைத்தும், கையெழுத்துப் போட ஆள் கிடைக்காமல் உள்ளே கிடப்பவர்களும் அவர்களில் உண்டு. "நிரபராதி" என்று தீர்ப்புப் பெற்று நாளைக்கே வீட்டுக்குத் திரும்பப் போகிறவர்களும் உண்டு.

100 பேர் இருக்கவேண்டிய இடத்தில் 131 பேர் என்ற கணக்கில் அந்த ஆண்டு ஜெயில்கள் நிரம்பி வழிந்தன. அந்த ஒரே ஆண்டில் ஜெயில்களில் இறந்தவர்கள் 1,995 பேர். பெரும்பாலோர் நோயால் இறந்தவர்கள். 119 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள்.

லண்டனைக் கலக்கிய காய்ச்சல்

ஜெயிலில் பிறக்கும் நோய் ஜெயில் மதிலோடு நின்றுவிடாது. இதை லண்டன் நகரம் பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது.

1750-ம் ஆண்டு. லண்டனில் ஓல்டு பெய்லி என்ற கோர்ட்டு. அதை ஒட்டினாற்போல நியூகேட் என்ற ஜெயில். விசாரணைக்காகச் சுமார் நூறு கைதிகளைக் கொண்டுவந்து, கோர்ட்டை அடுத்த சின்னஞ்சிறு அறைகளில் அடைத்தார்கள். குளித்துப் பல நாள் ஆனவர்கள். துணி மாற்றாதவர்கள். கோர்ட்டு மண்டபமும் சிறியது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டமோ பெரியது.

விசாரணை முடிந்தது. எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். பிறகு ஒவ்வொருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். நகர மேயர் இறந்தார். இரண்டு நீதிபதிகள் இறந்தார்கள். வக்கீல்கள், ஜூரிகள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று ஐம்பது பேருக்கு மேல் மாண்டார்கள்.

தண்டனை கொடுக்க உட்கார்ந்த நீதிபதிக்கே கைதியின் நோய் தண்டனை கொடுத்துவிட்டது!

அந்த நோய்க்கு "ஜெயில் காய்ச்சல்" என்றே பெயர். கெட்ட காற்றுத்தான் காரணம் என்று அப்போது நினைத்தார்கள். ஜெயில் கூரையின்மேல் காற்றாடி இயந்திரம் வைத்துக் காற்றை மாற்றிப் பார்த்தார்கள். நீதிபதிகள் வாசனைப் பூங்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். உண்மையான காரணம் 1909-ல்தான் தெரிந்தது. உடம்பில் ஊரும் பேன்தான் அந்த நோயைப் பரப்புகிறது என்று சார்லஸ் நிக்கோல் என்ற பிரெஞ்சு டாக்டர் கண்டுபிடித்தார். சோப்பும் வெந்நீரும் மாற்றுத் துணியும் கொடுத்திருந்தால் மேயரும் பிழைத்திருப்பார், கைதியும் பிழைத்திருப்பான்.

அந்தக் காலத்தில் வாழ்ந்தவர் ஜான் ஹோவர்டு. பணக்காரர். கப்பலில் போகும்போது பிரெஞ்சுக்காரர்களிடம் பிடிபட்டு, தாமே சிறையில் கிடந்தவர். 1773-ல் அவருக்குப் பெட்போர்டு மாவட்டத்தின் ஷெரீப் பதவி கிடைத்தது. ஷெரீப் என்றால் ஜெயிலைப் பார்வையிடும் பொறுப்பும் உண்டு. மற்ற ஷெரீப்புகள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். ஹோவர்டு உள்ளே போனார். அங்கே கண்ட காட்சி அவரைத் திடுக்கிடவைத்தது. "குற்றம் இல்லை" என்று விடுதலையான பிறகும் பலர் உள்ளே இருந்தார்கள். ஏன்? ஜெயிலருக்குக் கொடுக்கவேண்டிய கட்டணத்தைக் கொடுக்க அவர்களிடம் காசு இல்லை!

அதன்பிறகு ஹோவர்டு ஊர் ஊராகப் போய் ஜெயில்களைப் பார்த்தார். வண்டியில் போக முடியவில்லை. ஜெயில் நாற்றம் அவர் துணியில் ஏறிக்கொண்டது. ஆகவே குதிரைமேல் போனார். குறிப்பு எழுதிய நோட்டுப் புத்தகத்தைக்கூட நெருப்புக்கு முன்னால் விரித்து, நாற்றம் போன பிறகே தொட முடிந்ததாம்! தூக்கு மேடையில் சாகிறவர்களைவிட ஜெயில் காய்ச்சலில் சாகிறவர்களே அதிகம் என்று அவர் எடுத்துச் சொன்னார்.

1774-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு சட்டம் செய்தது. ஜெயில் சுவருக்கு வருடா வருடம் சுண்ணாம்பு அடிக்கவேண்டும், நோயாளிக்குத் தனி அறை வேண்டும், வைத்தியர் ஒருவரை நியமிக்கவேண்டும் என்றது அந்தச் சட்டம். கைதியின் உடம்பைக் கவனிப்பது அரசாங்கத்தின் வேலை என்ற எண்ணம் சட்டமாக மாறியது அப்படித்தான். ஹோவர்டு 1790-ல் இப்போது உக்ரைனில் உள்ள கெர்சோன் நகரில் காய்ச்சலில் இறந்தார்.

"இது பழைய கதை" என்று தள்ளிவிட வேண்டாம். 2020-ம் ஆண்டு மே மாதக் கடைசியில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், கொரோனா பரவியிருந்த ஒரு ஜெயிலில் இருந்து நூற்றுக்கு மேற்பட்ட கைதிகளைச் சான் குவென்டின் ஜெயிலுக்கு மாற்றினார்கள். சரியான பரிசோதனை இல்லை. சில வாரங்களில் அங்கே ஆயிரக்கணக்கானோருக்கு நோய் தொற்றியது. 28 கைதிகள் இறந்தார்கள். ஓர் அதிகாரியும் இறந்தார்.

காச நோயும் இப்படித்தான். வெளியே இருப்பவர்களைவிட ஜெயிலில் இருப்பவர்களுக்கு அது சுமார் 10 மடங்கு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. வார்டர் தினமும் வீட்டுக்குப் போகிறார். அவருக்கும் பெண்டு பிள்ளைகள் உண்டு. கைதி விடுதலையாகி பஸ் ஏறுகிறான். அந்த பஸ்ஸில் யார் வீட்டுக் குழந்தை உட்கார்ந்திருக்கிறதோ!

சுப்பிரமணிய சிவா

தமிழ்நாட்டுக்கும் இந்த வேதனை புதிது அல்ல.

1908-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளையுடன் கைதானவர் சுப்பிரமணிய சிவா. அப்போது அவருக்கு 23 வயது. மேடை ஏறினால் இடி முழக்கம். நல்ல ஆரோக்கியத்தோடு ஜெயிலுக்குப் போனவர், 1912-ல் வெளியே வந்தபோது தொழுநோயாளியாக வந்தார்.

அன்றைக்கு அந்த நோய்க்குச் சரியான மருந்து கிடையாது. அது உண்மை. ஆனால் அரசாங்கம் அவரை நடத்திய விதம் இருக்கிறதே! ஜெயிலில் நோய் வாங்கிக்கொண்டு வந்தவரை, "இவருக்குத் தொற்றுநோய்" என்று சொல்லி ரெயிலில் ஏறக்கூடாது என்று தடுத்தது. அவர் சும்மா இருந்தாரா? கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1925-ல் தர்மபுரிப் பக்கத்தில் உள்ள பாப்பாரப்பட்டியில் உயிர் நீத்தார். வயது 41-கூட நிறையவில்லை.

பழைய சட்டத்தில் ஒரு வரி

சிவா ஜெயிலுக்குப் போனபோது இருந்தது 1894-ம் ஆண்டு சிறைச் சட்டம். வெள்ளைக்காரன் போட்ட சட்டம். வெள்ளைக்காரன் போய்விட்டான். சட்டம் போகவில்லை. பல மாநிலங்களில் ஜெயில் நிர்வாகம் இன்னும் அதன் மேல்தான் நிற்கிறது.

அந்தச் சட்டத்தில் நல்லது இல்லாமல் இல்லை. ஒவ்வொரு ஜெயிலிலும் ஆஸ்பத்திரி அல்லது நோயாளிகளுக்குத் தக்க இடம் வேண்டும் என்கிறது. புதிதாக வரும் கைதியின் உடம்பில் காயம் இருக்கிறதா என்று பார்த்து எழுதவேண்டும் என்கிறது. ஒரு கைதி டாக்டரைப் பார்க்க விரும்பினால், காவலில் இருப்பவர் அதை ஜெயிலரிடம் தெரிவிக்கவேண்டும். ஜெயிலர் தாமதம் செய்யாமல் மருத்துவ ஊழியருக்குச் சொல்லவேண்டும்.

இங்கேதான் கவனிக்கவேண்டும். நோயாளி நேராக டாக்டரிடம் போக வழி இல்லை. நடுவில் காவலர். அதற்குமேல் ஜெயிலர். 13-வது பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது. ஜெயிலின் சுகாதார நிர்வாகத்தை டாக்டர் கவனிக்கவேண்டும், ஆனால் சூப்பிரண்டின் அதிகாரத்துக்கு உட்பட்டுத்தான் கவனிக்கவேண்டும் என்று அது சொல்லுகிறது.

சூப்பிரண்டு கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை. இரக்கம் உள்ள அதிகாரிகள் எத்தனையோ பேர். ஆனால் அவருடைய முதல் கவலை என்ன? கைதி தப்பி ஓடிவிடக்கூடாது. டாக்டருடைய முதல் கவலை என்ன? கைதி செத்துவிடக்கூடாது. இரண்டு கவலையும் மோதும்போது யார் சொல் ஜெயிக்கவேண்டும்? எல்லா வம்பும் இந்த ஒரு கேள்வியில் வந்து முடிகிறது.

தண்ணீர் குடிக்க ஒரு குழாய்

சமீபத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால் இது நன்றாக விளங்கும்.

திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937-ல் பிறந்தவர் ஸ்டான் சாமி. கிறிஸ்தவப் பாதிரியார். ஜார்க்கண்டு மாநிலத்தில் ஆதிவாசி மக்களிடையே பல்லாண்டு காலம் இருந்தவர். பீமா கோரேகான் வழக்கில் தேசிய புலனாய்வு அமைப்பு 2020 அக்டோபர் 8-ந் தேதி அவரைக் கைது செய்தது. நவி மும்பையில் உள்ள தலோஜா ஜெயிலில் வைத்தார்கள். அவர் குற்றச்சாட்டை மறுத்தார். வழக்கில் யார் பக்கம் உண்மை என்பது இங்கே பேச்சு அல்ல. அதைக் கோர்ட்டு தீர்மானிக்கவேண்டும். கடைசிவரை தீர்மானிக்கவில்லை.

அவருக்கு வயது 83. பார்க்கின்சன் என்ற நடுக்க நோய். கை நடுங்கும். டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் சிந்திவிடும். ஆகவே உறிஞ்சு குழாயும், மூடி போட்ட குவளையும் வேண்டும் என்று கோர்ட்டில் மனுப் போட்டார். பதில் சொல்லப் புலனாய்வு அமைப்பு 20 நாள் அவகாசம் கேட்டது. பிறகு, "அவருடைய குழாயும் குவளையும் எங்களிடம் இல்லை" என்றது. வேண்டியதை எல்லாம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்றார்கள் ஜெயில் அதிகாரிகள். செய்தி பத்திரிகையில் வந்தது. நாடு முழுவதும் பேசியது.

கை நடுங்கும் கிழவருக்கு ஒரு குழாய் வேண்டுமா, வேண்டாமா? ஒரு டாக்டர் ஒரு நிமிஷத்தில் சொல்லவேண்டிய விஷயம். ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் முடிந்தது. அதற்கு வக்கீல், மனு, வாய்தா, பதில் மனு!

2021 மே மாதம் 21-ந் தேதி அவர் வீடியோ மூலம் பம்பாய் ஐகோர்ட்டு நீதிபதிகளிடம் பேசினார். ஜெயிலுக்கு வந்தபோது தம்முடைய உடம்பு நன்றாக இயங்கியது என்றும், வரவர எல்லாம் தளர்ந்துவிட்டது என்றும் சொன்னார். அந்த மாதம் 28-ந் தேதி, அவரைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஐகோர்ட்டு உத்தரவிட்டது. அங்கே போன பிறகுதான் அவருக்குக் கொரோனா இருப்பது தெரிந்தது.

ஜூலை 5-ந் தேதி ஜாமீன் மனு கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு செய்தி சொல்ல வந்தார். "அவர் இறந்துவிட்டார்" என்பதே அந்தச் செய்தி.

பெயர் தெரிந்தவர் என்பதால் இந்தக் கதை ஊருக்குத் தெரிந்தது. பெயர் தெரியாத கைதிக்கு மனு எழுத யார் இருக்கிறார்கள்?

மண்டேலாவின் இருமல்

தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலா 27 வருடம் ஜெயிலில் இருந்தார். 1988-ல் அவருக்கு 70 வயது. ஓயாத இருமல். கேப்டவுனில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரைக் கொண்டுபோனார்கள். நெஞ்சில் நீர் கட்டியிருந்தது. எடுத்தார்கள். காச நோயின் ஆரம்பம் என்று கண்டுபிடித்து மருந்து கொடுத்தார்கள். குணமாகிவிட்டது.

அவர் 1990-ல் விடுதலையாகி, 1994-ல் அந்த நாட்டின் ஜனாதிபதி ஆனார். 95 வயது வரை வாழ்ந்தார். கறுப்பர்களை ஆட்டிப்படைத்த கொடுமையான ஆட்சி அது. அவர் ஜெயிலில் செத்தால் நாடு பற்றி எரியும் என்ற பயம் அந்த ஆட்சிக்கு இருந்திருக்கும். காரணம் எதுவானாலும், வேளையில் பார்த்த ஒரு வைத்தியம் ஒரு நாட்டின் சரித்திரத்தையே காப்பாற்றியது.

அவர் பெயராலேயே ஐக்கிய நாடுகள் சபை 2015 டிசம்பரில் "மண்டேலா விதிகள்" என்று கைதிகளுக்கான நெறிகளை வகுத்தது. வெளியே இருப்பவருக்கு எந்தத் தரத்தில் வைத்தியமோ, அதே தரத்தில் கைதிக்கும் இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்பது அதில் ஒன்று. வைத்திய விஷயத்தில் முடிவு செய்யவேண்டியது டாக்டர்தான், டாக்டர் அல்லாத ஜெயில் அதிகாரி அந்த முடிவை மாற்றக்கூடாது என்பது இன்னொன்று.

இதைச் செய்து பார்த்த நாடுகள் இருக்கின்றன. நார்வே நாடு 1988-ல் ஜெயில் வைத்தியத்தை ஜெயில் இலாகாவிடம் இருந்து எடுத்துப் பொதுச் சுகாதார நிர்வாகத்திடம் கொடுத்தது. இங்கிலாந்து 2006-ல் அதைச் செய்து முடித்தது. அங்கே ஊரில் உள்ளவருக்கு வைத்தியம் பார்க்கும் அதே அரசாங்க அமைப்புத்தான் கைதிக்கும் பார்க்கிறது.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. 2017-18-ல் இங்கிலாந்தில் கைதிகளுக்காக ஆஸ்பத்திரிகளில் குறித்த தேதிகளில் பத்துக்கு நாலு நடக்காமல் போயின என்று ஓர் ஆய்வு சொன்னது. கூட்டிக்கொண்டுபோகக் காவலர் இல்லாதது அதற்கு ஒரு பெரிய காரணம். பணக்கார நாட்டிலேயே இந்தக் கதை!

போலீஸ் வரவில்லை!

இங்கேயும் நோயாளிக் கைதியைப் படுத்தும் பெரிய தொல்லை இதுதான். டாக்டர் இருப்பார். ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருப்பார்கள். ஸ்கேன் எடுக்கும் மெஷின்கூடத் தயாராக இருக்கும். வழிக்காவலுக்குப் போலீசார் வரமாட்டார்கள். தேர்தல் என்றால் அங்கே போய்விடுவார்கள். தேர்த் திருவிழா என்றால் அங்கே. மந்திரி வருகை என்றால் கேட்கவே வேண்டாம். கைதியின் தேதி தவறிப்போகும். அடுத்த தேதி ஒரு மாதம் தள்ளிக் கிடைக்கும். புற்றுநோய்க் கட்டி அந்த ஒரு மாதம் வளராமல் காத்துக்கொண்டு இருக்குமா?

டாக்டர்கள் இருக்கிறார்களா என்றால், அதுவும் போதவில்லை. 300 கைதிகளுக்கு ஒரு டாக்டர் வேண்டும் என்கிறது 2016-ம் ஆண்டின் மாதிரிச் சிறை விதித்தொகுப்பு. 775 கைதிகளுக்கு ஒரு டாக்டர்தான் இருக்கிறார் என்று 2025-ல் வெளிவந்த இந்திய நீதி அறிக்கை கணக்குக் காட்டியது. மன நோய் பார்க்கும் டாக்டர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஜெயிலில் ஒருவர் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமைக் கமிஷனுக்குத் தகவல் போகவேண்டும் என்ற ஏற்பாடு 1993 முதல் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் உயிரோடு இருப்பவனின் ஆஸ்பத்திரித் தேதி தவறிப்போனால் யாருக்கும் தகவல் போவது இல்லை. செத்தவனுக்கு உள்ள அவசரம் நோயாளிக்கு இல்லை!

இதற்குப் பரிகாரம் பெரிய மந்திரம் அல்ல. ஆஸ்பத்திரி வழிக்காவலுக்கு என்றே ஜெயிலில் தனியாகக் காவலர்களை ஒதுக்கவேண்டும். தேர்தல் வந்தாலும் திருவிழா வந்தாலும் அவர்களை வேறு வேலைக்கு இழுக்கக்கூடாது. "இவரை இன்றைக்கே வெளியே கொண்டுபோக வேண்டும்" என்று டாக்டர் எழுதினால், அதுவே கதவைத் திறக்கும் உத்தரவாக இருக்கவேண்டும். கொண்டுபோகாவிட்டால், ஏன் கொண்டுபோகவில்லை என்று அதிகாரி அன்றைக்கே எழுதி, மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பவேண்டும். எழுதவேண்டும் என்று வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தானாகத் தீர்ந்துபோகும். ஜெயில் டாக்டரின் சம்பளமும் பதவி உயர்வும் சூப்பிரண்டின் கையில் இல்லாமல், சுகாதார இலாகாவின் கையில் இருக்கவேண்டும்.

2023-ல் மத்திய உள்துறை ஒரு மாதிரிச் சட்டத்தை வகுத்து மாநிலங்களுக்கு அனுப்பியது. ஜெயில் மாநில அரசாங்கத்தின் பொறுப்பு. ஆகவே சட்டசபையில் சட்டமாக வந்தால்தான் பலன். அப்படி வரும்போது, டாக்டரின் சொல்லுக்கு மேல் சொல் இல்லை என்ற வரி அதில் தெளிவாக இருக்கவேண்டும்.

கூட்டம் குறைந்தால் நோயும் குறையும். அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் உள்ளே கழித்துவிட்ட விசாரணைக் கைதியையும், முதல் தடவையாகச் சிக்கியவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு காலம் கழித்தவரையும் வெளியே விட 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள சட்டம் இடம் கொடுக்கிறது. தூக்கு, ஆயுள் தண்டனைக்கு உரிய வழக்குகளுக்கும், பல வழக்கு உள்ளவர்களுக்கும் இது கிடையாது. நோயாளி, தள்ளாதவர் என்றால் கோர்ட்டு ஜாமீன் கொடுக்கலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. இருந்து என்ன? படிப்பு இல்லாத கைதிக்கு இதை யார் எடுத்துச் சொல்லுகிறார்கள்?

தொட்டிலும் ஜெயிலில்தான்

பெண் கைதிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. கர்ப்பிணிகளும் ஜெயிலுக்கு வருகிறார்கள். கைக்குழந்தையோடும் வருகிறார்கள். ஆறு வயது வரை குழந்தை தாயோடு இருக்கலாம்.

2006-ல் சுப்ரீம் கோர்ட்டு இவர்களுக்காக ஒரு நல்ல தீர்ப்புக் கொடுத்தது. முடிந்தவரை பிரசவம் வெளி ஆஸ்பத்திரியில் நடக்கவேண்டும் என்றது. தடுப்பு ஊசி, பால், உணவு எல்லாம் குழந்தைக்குத் தனியாக உண்டு என்றது. தப்பித் தவறி உள்ளேயே குழந்தை பிறந்துவிட்டால்? பிறப்புப் பதிவேட்டில் பிறந்த இடம் "ஜெயில்" என்று எழுதக்கூடாது என்று உத்தரவிட்டது! பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும்போது அந்தக் குழந்தை தலை குனியக்கூடாது அல்லவா?

ஒரு காகிதத்தில் எழுதும் ஒரு சொல்லைப் பற்றி இத்தனை கவலைப்பட்ட நாட்டில், நள்ளிரவில் அந்தத் தாய்க்கு வயிற்று வலி வந்தால் சாவி எங்கே இருக்கிறது என்பதையும் கவனிக்கலாம்.

வாசலில் நிற்பவர்கள்

மனு பார்க்கும் நாளில் எந்தப் பெரிய ஜெயிலின் வாசலுக்குப் போனாலும் ஒரு காட்சியைக் காணலாம். கிராமத்தில் இருந்து முதல் பஸ் பிடித்து வந்த பெண்கள் வரிசையில் நிற்பார்கள். கையில் ஒரு துணிப்பை. பையில் பிஸ்கட்டு, பழம், ஒரு சோப்புக்கட்டி. முந்தானையில் முடிந்துவைத்த ஒரு மருந்துச் சீட்டு. "அவருக்குச் சர்க்கரை இருக்குங்க. வேளைக்கு மாத்திரை போடணும்" என்று யாரைக் கண்டாலும் சொல்லுவார்கள். வார்டரிடம் சொல்லுவார்கள். சீட்டு எழுதுகிறவரிடம் சொல்லுவார்கள். வாசலில் டீ விற்கிறவரிடம்கூடச் சொல்லுவார்கள்.

உள்ளே இருப்பவருக்கு மாத்திரை கிடைக்கிறதா என்று அவர்களுக்குத் தெரியாது. மனு பார்க்கும் சில நிமிஷத்தில், கம்பி வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தும் கூச்சலில், "நல்லா இருக்கேன்" என்பது மட்டும்தான் காதில் விழும்.

வாரத்துக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம், ஜெயில் டாக்டர் அந்த வாசலில் ஒரு ஜன்னல் ஓரமாக உட்காரலாம். சீட்டை வாங்கிப் பார்க்கலாம். "இந்த மாத்திரைதான் கொடுக்கிறோம் அம்மா, அடுத்த மாதம் ரத்தம் எடுத்துப் பார்ப்போம்" என்று சொல்லலாம். அதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். ஒரு நாற்காலி போதும்.